கூன் டெஸ்ட்

எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் இப்போது மோமோ கடை இருக்கிற இடத்தில்தான் டாக்டர் சுபாஷிணியின் கிளினிக் இருந்தது. முட்டைக்கோஸ் வேகும் வாடை மாடிக்கு ஏறி வரும்போதெல்லாம் எனக்கு டெட்டால் வாடை ஞாபகம் வந்து தொலைக்கிறது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். மயூர் விஹாருக்கு மெட்ரோ வராத காலம். கரண்ட் போனால் எல்லாரும் பால்கனிக்கு வந்துவிடுவோம்; யார் வீட்டில் என்ன குழம்பு, யார் பிள்ளைக்கு எந்த ஆபீஸில் இன்டர்வியூ என்பதெல்லாம் கரண்ட் வருவதற்குள் தெரிந்துவிடும். இப்போது இன்வெர்ட்டர் வந்து ஜனங்களைக் கெடுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது, அதற்குப் பெயர் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. இது ஒரு வாழ்க்கையா?

கிளினிக்குக்கு நேர் மேலே, முதல் மாடி என்னுடையது. முன்பக்கத்து பால்கனியில் நின்றால் கிளினிக் வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சு தெரியும். பின்பக்கம் துணி உலர்த்துகிற பால்கனிக்குக் கீழே டாக்டர் உட்காரும் உள்ளறையின் ஜன்னல். கடவுள் என்னைத் தெரிந்தேதான் அந்த வீட்டில் வைத்தார் என்பார் என் வீட்டுக்காரர்.

இந்தக் கதை சாந்தகுமாரியைப் பற்றியது. அது அவள் நிஜப் பெயர் இல்லை. என் வாழ்நாளில் நான் பெயரை மாற்றிச் சொல்வது இதுதான் முதல் தடவை, அதனால் அடிக்கடி தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். திரிலோக்புரிப் பக்கம் தமிழ் ஆட்கள் இருந்த ஜுக்கிக் குடிசைகளிலிருந்து வருவாள்; அந்த இடத்தைக் கேம்ப் என்பார்கள். என் வீட்டையும் சேர்த்து எங்கள் காலனியில் நாலு வீட்டில் பாத்திரமும் துடைப்பமும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. புருஷன் முருகன் சுண்ணாம்பு, பெயின்ட் வேலை. அந்த ஏப்ரலில் அவளுக்கு வயிறு நன்றாகத் தள்ளியிருந்தது, அவனுக்கு நன்றாக ஒட்டியிருந்தது.

ஒருநாள் காலை நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே ஜன்னல் திறந்திருந்தது. காதைப் பொத்திக்கொண்டு துணி உலர்த்த யாராலும் முடியாது.

“முருகன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனானா இல்லையா?” இது டாக்டர்.

“போனாருங்க டாக்டரம்மா. அந்த ரூமு வாசல் வரைக்கும் போனாரு. அங்க பெஞ்சில எங்க கேம்ப்பு ஆளு ஒருத்தரு குந்தினு இருந்தாராம். ‘நீ இன்னாத்துக்கு வந்த?’ன்னு இவரு கேக்க, ‘நீ இன்னாத்துக்கு வந்த?’ன்னு அவரு கேக்க, ரெண்டு பேருமே வழி தெரியாம வந்துட்டோம்னு சொல்லிக்கினு திரும்பிட்டாங்க.”

“ரெண்டு பேருமா?”

“ஒரே பஸ்ஸுல.”

டாக்டர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கினாரோ, கோபத்தை அடக்கினாரோ. பிறகு தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். தணிந்த குரல் என்றால் நான் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

“இங்க பாரு சாந்தா. டி.பி. மருந்து சாப்பிட்டும் அவன் இளைச்சிக்கிட்டே போறான். அதனாலதான் எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்துப் பாருன்னு சொன்னாங்க. அவனுக்கு இருந்தா உனக்கும் இருக்கலாம். உனக்கு இருந்தா வயித்துல இருக்கிறதுக்கும் போகலாம். போகாம தடுக்க இப்ப மருந்து வந்திருக்கு. வலி எடுத்ததும் உனக்கு ஒரு மாத்திரை, பொறந்ததும் குழந்தைக்குக் கொஞ்சம் சொட்டு மருந்து. அவ்வளவுதான். ஆனா இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சாத்தானே கொடுக்க முடியும்? வலி எடுத்தப்புறம் ஓடி வந்து பிரயோஜனம் இல்ல.”

“அங்க போனா ஒருநாளு பூரா நிக்கணுங்க. அப்புறம் வியாழக்கிழமை வான்னு சொல்வாங்க. முடிவுக்கு இன்னொரு நாளு. நாலு வூட்லயும் இன்னாத்துக்கு லீவுன்னு கேப்பாங்க.”

“சரி, இங்கயே ரத்தம் எடுத்து நானே லேபுக்கு அனுப்பறேன்.”

“இங்கயா? தெரிஞ்சா ஒரு வூட்லயாச்சும் பாத்திரத்த தொட வுடுவாங்களா டாக்டரம்மா?”

“யாருக்குத் தெரியப் போகுது?”

“மேல மாமி இருக்காங்களே.”

டாக்டரின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்து மேலே பார்த்தது. நான் ஒரு கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தேன். தில்லியில், ஏப்ரல் மாதத்தில்.

மறுநாளே அந்த ஜன்னலில் ஒரு பெரிய தகரக் கூலர் வந்து உட்கார்ந்தது. அதைப் போட்டால் பக்கத்தில் டிராக்டர் ஓடுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தில் நோயாளி பேசுவது டாக்டருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். எனக்குக் கேட்கவில்லை. அதுதானே வேண்டும் அவருக்கு.

ஆனால் டாக்டரும் ஒரு அசட்டுத்தனம் செய்தார். எதையும் ஒளிக்கக் கூடாது, ஒளிப்பதால்தான் பயம் வருகிறது என்பது அவர் கட்சி. படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும். ‘எச்.ஐ.வி. பரிசோதனை இங்கேயே செய்யப்படும்’ என்று இந்தி, தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி வாசலில் மாட்டிவிட்டார். மாட்டியதுதான் தாமதம், பெஞ்சு காலி. சளி பிடித்தவன்கூட வரவில்லை. குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போட வந்த ஒருத்தி போர்டைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

வெல்ஃபேர் அசோசியேஷன் செக்ரட்டரி வெங்கடராமன் வந்தார். மினிஸ்ட்ரியில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவர். தள்ள ஃபைல் இல்லாமல் எங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். அதே பெஞ்சில் உட்காரப் போய், சட்டென்று நின்றுகொண்டார்.

“டாக்டர், இது ஃபேமிலி காலனி.”

“ஃபேமிலிக்குத்தான் சார் இது வருது.”

“வாடகைக்கு இருக்கறவாள்ளாம் பயப்படறா. போர்டை எடுத்துடுங்கோ.”

“நீங்க சுகர் டெஸ்ட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“இந்த போர்டு தொங்கறச்சே நான் எப்படி உள்ள வருவேன்? பாக்கறவா என்ன நினைப்பா? எனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு!”

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார். போர்டு தொங்கியது. சாந்தகுமாரி தினமும் என் வீட்டுக்கு வரும்போது கிளினிக் இருக்கிற பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல், எதிர்ப்பக்கத்து பார்க்கில் என்னவோ அதிசயம் நடக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். வயிறு ஒவ்வொரு வாரமும் பெருத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் தரை துடைக்கும்போது, “என்னடி, டாக்டர்கிட்ட காட்டினியா?” என்று கேட்டேன். “எல்லாம் நல்லாக்கீது மாமி” என்றாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

மே மாதம் அவள் அம்மா வேலம்மாள் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்து இறங்கினாள். அந்த அம்மாளுக்கு இந்தியில் ‘ஹை’கூடத் தெரியாது. ரயிலில் வந்ததில் கால் வீங்கிவிட்டது. போர்டைப் படிக்கவும் தெரியாது என்பதால் தைரியமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பி.பி. பார்த்துக்கொள்ளும் சாக்கில் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

கம்பவுண்டர் நேகி, கட்வால் மலைப் பக்கத்துப் பிள்ளை. தொண்டை மட்டும் மலையிலேயே இருக்கிற மாதிரி கத்துவான். இரத்த டெஸ்ட்டுக்கு ஆள் கூப்பிட வெளியே வந்தான்.

“கூன்வாலே இதர் ஆவோ! கூன் கி ஜாஞ்ச்!”

வேலம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். “இன்னா மாமி, கூனுங்கறான்?”

“கூன்தான். கூன் டெஸ்ட் எடுக்கறா” என்றேன் நான். நாற்பது வருஷம் தில்லித் தண்ணீர் குடித்தவளுக்கு கூன் என்றால் இரத்தம்தான் ஞாபகம் வரும். அவளுக்கு வருமா?

வேலம்மாள் விருட்டென்று எழுந்தாள். முதுகை நிமிர்த்தி, தோளைப் பின்னால் தள்ளி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேகி முன்னால் போய் நின்றாள்.

“நல்லாப் பாத்துக்கப்பா! எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கூனு கெடையாது. என் மாமியாரு சாவுற வரைக்கும் பனமரம் மாதிரி நின்னாங்க!”

நேகி மிரண்டுபோய், உட்காரச் சொல்லி, இரத்தம் கொடுக்கணுமா என்று கேட்டான். “மாஜி, பைட்டியே. கூன் தேனா ஹை?”

“தேனா? கூனுக்குத் தேனு தடவுவாங்களா இந்த ஊர்ல?”

பெஞ்சில் இருந்த தமிழ் ஜனம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து சிரித்தது. பெஞ்சில் மொத்தமே மூன்று பேர்தான். ஆனாலும் அப்படிச் சிரித்து அந்த இடம் ரொம்ப நாளாகியிருந்தது. டாக்டர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து, விஷயம் கேட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாங்கம்மா, உங்களுக்குத்தான் முதல்ல கூன் பார்க்கணும்” என்று வேலம்மாளை உள்ளே அழைத்துப் போனார்.

இதை நான் என்னோடு வைத்துக்கொள்ள முடியுமா? அன்று சாயங்காலத்துக்குள், பாக்கெட் என்று சொல்கிற எங்கள் குடியிருப்புப் பகுதி முழுக்கத் தெரியும். சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டே கரோல்பாக் வரை அனுப்பிவைத்தேன். வேலம்மாள் தன் பங்குக்கு ஜுக்கியில் போய், செங்கல், சிமெண்டு சுமக்கிறவர்களுக்கெல்லாம் அந்த டாக்டரம்மா கூன் விழுந்திருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுக்கிறாள் என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். மறுவாரம் சித்தாள் வேலை செய்கிற பெண்கள் கும்பலாக வந்து நின்றார்கள்.

“டாக்டரம்மா, எங்களுக்கும் கூனு பாக்கணும்.”

இங்கேதான் டாக்டர் சுபாஷிணியின் மூளை வேலை செய்தது. அன்றே போர்டைக் கழற்றி உள்ளே போட்டார். நேகியிடம், சுகரோ, இரத்த சோகையோ, மலேரியாவோ, அந்தப் பெரிய டெஸ்ட்டோ, இனிமேல் எதுவானாலும் வெளியே ஒரே பெயர்தான் என்று சொல்லிவிட்டார். கூன் டெஸ்ட். எல்லாருக்கும் அதே அறை, அதே பச்சைத் திரை, வெளியே வரும்போது முழங்கை மடிப்பில் அதே பஞ்சு. உள்ளே என்ன என்பது உள்ளே போனவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே போனேன். சுகர் பார்க்கத்தான் போனேன் என்று சத்தியமாகச் சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்பலாம்.

“மாமி, ரத்தம் எடுக்கிறேன். சுகர் பார்ப்பேன். எச்.ஐ.வி.யும் பார்க்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்.”

“என்னையா கேக்கறே? எனக்கு என்ன வயசுன்னு தெரியுமா?”

“எல்லாரையும்தான் கேக்கிறேன். உங்களை மட்டும் விட்டா, கேட்டவங்கள்ளாம் நம்மகிட்ட மட்டும் ஏன் கேட்டாங்கன்னு நினைப்பாங்க.”

“பாத்துத் தொலை” என்றேன். அது என்ன வியாதி, எப்படி வரும், எப்படியெல்லாம் வராது, வந்தால் என்ன செய்யலாம் என்று எல்லாம் சொன்னார். முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வேன் என்றார். முடிவு வருகிற வரைக்கும் நான் என் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வை எதற்கென்று அந்த மனுஷருக்கு இன்றுவரை தெரியாது.

சாந்தகுமாரி ஒரு புதன்கிழமை போனாள். நான் முன்பக்கத்து பால்கனியில் நின்று வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கிளினிக் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். பெஞ்சில் வெங்கடராமன் சார் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சாந்தா, உனக்கும் கூன் டெஸ்ட்டா?” என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“ஆமாங்க சார்.”

“எனக்கும்தான். போ, போ. பிள்ளைத்தாச்சி, நீ முன்னாடி போயிட்டு வா.”

அவள் உள்ளே போனாள். எனக்கு வெந்தயம் முறத்திலிருந்து பாதி கீழே கொட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முழங்கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் பின்னாலேயே செக்ரட்டரி போய், அவரும் முழங்கையை மடக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு பஞ்சாபிக் கிழவி. பிறகு ஒரு சித்தாள் பெண். ஒரே மாதிரி மடக்கிய கைகள். எந்தக் கைக்கு எந்த டெஸ்ட் என்று பார்த்துச் சொல்ல அந்தப் பரமசிவனாலும் முடியாது. ஊரெல்லாம் நான் சுமந்து பரப்பிய வார்த்தை, கடைசியில் என் கண்ணையே கட்டிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் முருகன், பெயின்ட் ஒட்டின கையோடு வந்தான். பின்னாலேயே அந்தக் கேம்ப் ஆளும் வந்தான்.

“நீ இன்னாத்துக்கு?”

“கூனு. நீ?”

“கூனுதான்பா.”

ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்து, நேகியிடம் வசவு வாங்கிக்கொண்டார்கள்.

முடிவு என்ன? அதைத் தெரிந்துகொள்ள நான் படாத பாடு பட்டேன். நேகியைப் படிக்கட்டில் மடக்கி, சூடாக ஒரு கிண்ணம் கேசரி கொடுத்து, “நேகி பையா, சாந்தா கா கூன் கைசா நிக்லா?” என்றேன். கேசரியை முழுவதும் தின்றுவிட்டு, “லால் நிக்லா, ஆன்ட்டிஜி” என்றான். சிவப்பாக இருந்ததாம். டாக்டரையே கேட்டேன். “உங்க ரிசல்ட்டை நான் செக்ரட்டரி சார் கிட்ட சொல்லட்டுமா மாமி?” என்றார். வேலம்மாளைக் கேட்டேன். அவளோ ஊரில் மழை இல்லை என்றாள்.

முருகன் அதற்குப் பிறகு மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். டி.பி.க்காக இருக்கலாம், வேறு எதற்காகவும் இருக்கலாம். வருஷம் ஓட ஓட உடம்பு தேறி, எங்கள் பிளாக் முழுவதற்கும் அவன்தான் டிஸ்டம்பர் அடித்தான்.

ஜூலையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சாந்தகுமாரிக்கு வலி எடுத்தது. டாக்டரே கிளினிக்கைச் சாத்திவிட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அட, டாக்டரே போகிறாரே, அப்படியானால் அதுதானோ என்று நான் கணக்குப் போட்டேன். முந்தின வாரம் இன்னொரு சித்தாள் பெண்ணோடும் இதேபோல் டாக்டரே போனது ஞாபகம் வந்து கணக்கு உதைத்தது. பெண் குழந்தை பிறந்தது. மெட்ரோ வந்த வருஷம், நகரும் படிக்கட்டைப் பார்த்து நான் நடுங்கி நின்றபோது, “பாட்டி, டரோ மத்!” என்று என் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டவள் அந்தப் பெண்தான். அதனால் அவளுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

மழை ஓய்ந்த சமயம் சாந்தகுமாரி வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை என் சமையலறை மூலையில் பழைய புடவையில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். குழந்தை அழுதால், பையிலிருந்து பால் பவுடர் டப்பாவை எடுத்து, நான் கொதிக்க வைத்த வெந்நீரில் கரைத்துக் கிண்ணத்தில் புகட்டுவாள். நான் அந்த டப்பாவைப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா?

ஒருநாள் சுஷ்மா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். செக்ரட்டரி சாரின் சம்சாரம். சாந்தகுமாரி வேலை செய்கிற இன்னொரு வீடு அவளுடையது. மற்ற இரண்டு வீடும் அவளைக் கேட்டுத்தான் தும்முவார்கள். வந்தவள் கறிவேப்பிலையை விட்டுவிட்டு டப்பாவைப் பார்த்தாள்.

“என்ன வத்சலா, பவுடர் பாலா குடுக்கறா? பெத்து ரெண்டு மாசம்கூட ஆகலையே?” என்றாள் என் காதருகில். அவள் ரகசியம் தெருமுனைவரை கேட்கும். “மேகஸின்ல போட்டிருந்தான். அந்த வியாதி இருக்கறவாதான் தாய்ப்பால் குடுக்க மாட்டாளாம். நோக்கு ஏதாவது தெரியுமா?”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. சாந்தகுமாரியின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

“போடி இவளே” என்றேன் நான். “பால் இருந்தான்னா குடுப்பா? எல்லாம் இந்தத் தில்லித் தண்ணி பண்ற வேலை. ஜனக்புரில என் நாத்தனார் பொண்ணுக்கும் இதே கதிதான். ஒரு சொட்டு கிடையாது. குளோரின், குளோரின்! அப்படியே வத்த அடிச்சுடறதாம்.”

ஜனக்புரியில் எனக்கு நாத்தனாரே கிடையாது.

“குளோரினா!” சுஷ்மாவின் கண் விரிந்தது. கையில் இருந்த சேதியைவிட நல்ல சேதி கிடைத்தவளின் கண் எப்படி விரியும் என்று எனக்குத் தெரியாதா? “அதான், என் மாட்டுப்பொண்ணும் பால் போறலைன்னு சொல்லிண்டே இருந்தா!” கறிவேப்பிலையை மறந்துவிட்டு ஓடினாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் ரசம் பொங்கியது. பின்னால் மறுபடியும் தேய்க்கிற சத்தம் கேட்டது.

சுஷ்மா ஏமாற்றவில்லை. அந்த வாரத்துக்குள் ஏ பாக்கெட்டிலிருந்து கோயில் வரை குளோரின்தான் பேச்சு. மூன்று வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் மாட்டினார்கள். நாலு வீட்டில் ஒரு வீடும் சாந்தகுமாரியை நிறுத்தவில்லை. வெங்கடராமன் சார் ரிட்டயர் ஆன கையால் தண்ணீர் இலாகாவுக்கு ஒரு புகார் எழுத, ஒருநாள் அங்கிருந்து ஒரு ஆள் நிஜமாகவே வந்துவிட்டார். முதலில் ஏறியது என் வீட்டு மாடிதான். பையிலிருந்து சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்து, “ஜாஞ்ச் கே லியே, டெஸ்ட்டுக்கு, தண்ணி புடிக்கணும்” என்று இந்தியும் தமிழுமாகச் சொன்னார்.

சாந்தகுமாரி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவருக்காகக் குழாயைத் திறந்துவிட்டாள்.